செல் ஒட்டுதலைத் தடுக்கும் சேர்மங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செல் ஒட்டுதலிலும் சமிக்ஞையிலும் பங்கெடுக்கும் புரதங்களைத் தடுக்கும் வேதிச் சேர்மங்கள் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கேள்விகள் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுடையவை. அவர்களுக்கு அளவுகளோடும், மற்றவர்களுக்கு விளக்கத்தோடும் எழுதியிருக்கிறோம்.

கே: செல் ஒட்டுதல், செல் சமிக்ஞை இரண்டையும் எப்போதும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒட்டிக்கொள்வது ஒரு வேலை, செய்தி அனுப்புவது வேறு வேலை அல்லவா? இவற்றைத் தடுக்கும் சேர்மம் எந்த இடத்தில் போய் உட்காரும்?
(உயிரியல் ஆசிரியை)

ப: ஒரே புரதம் இரண்டு வேலையையும் பார்ப்பதால்தான் சேர்த்துச் சொல்கிறோம். செல்லின் வெளிச்சவ்வில் நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடலில் 18 ஆல்ஃபா துணை அலகுகளும் 8 பீட்டா துணை அலகுகளும் இணைந்து 24 வகை இன்டெக்ரின்கள் உருவாகின்றன. இதன் தலைப்பகுதி செல்லுக்கு வெளியே ஃபைப்ரோநெக்டின், கொலாஜன், லாமினின் போன்றவற்றைப் பிடிக்கிறது. வால்பகுதி செல்லுக்குள் டேலின் என்ற புரதம் வழியாக ஆக்டின் இழைகளோடு இணைகிறது. இன்டெக்ரினுக்குச் சொந்தமாக நொதிச் செயல் எதுவும் கிடையாது. அது பிடித்துக்கொண்டதும் எஃப்ஏகே என்ற கைனேஸ் (புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) அந்த இடத்துக்கு வந்து, 397-ஆவது இடத்திலுள்ள டைரோசினில் தனக்குத்தானே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு சார்க் என்ற இன்னொரு கைனேஸ் வந்து சேர்கிறது. இரண்டும் சேர்ந்து பாக்சிலின் முதலான புரதங்களில் பாஸ்பேட் ஏற்ற, செய்தி செல்லுக்குள் பரவுகிறது. இன்னொரு பக்கம் ரோ, ராக், மயோசின் என்ற புரத வரிசை ஆக்டினை இழுத்து இறுக்குகிறது. அந்த இழுவிசை இல்லாவிட்டால் ஒட்டுமிடங்கள் முதிர்ச்சி அடைவதில்லை.

ஆகவே தடுப்பான்கள் மூன்று இடங்களில் வேலை செய்கின்றன. வெளியே, இன்டெக்ரின் பிடிக்கும் இடத்தை அடைப்பவை முதல் வகை: ஆர்ஜிடி பெப்டைடுகள் (ஃபைப்ரோநெக்டினில் இன்டெக்ரின் பிடிக்கும் ஆர்ஜினின்-கிளைசின்-ஆஸ்பார்டிக் அமில வரிசை கொண்ட சிறு துண்டுகள்), சைலென்ஜிடைடு, டைரோஃபைபன். உள்ளே, கைனேஸில் ஏடிபி (பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறு) அமரும் குழியில் உட்காருபவை இரண்டாம் வகை: பிஎஃப்-573228, டிஃபாக்டினிப், டசாட்டினிப். இழுவிசை இயந்திரத்தைத் தளர்த்துபவை மூன்றாம் வகை: ஒய்-27632, பிளெபிஸ்டாட்டின். மூன்றையும் பொதுவாக ‘ஒட்டுதல் தடுப்பான்’ என்று அழைப்பதுதான் பல குழப்பங்களுக்கு வேர். அடுத்த கேள்வியே அதற்கு உதாரணம்.

கே: ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் எஃப்ஏகே தடுப்பானான பிஎஃப்-573228-ஐ 1 மைக்ரோமோலார் அளவில் சேர்த்தேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பாஸ்போ-397 பட்டை, அதாவது 397-இல் பாஸ்பேட் ஏறிய எஃப்ஏகே, நன்றாக மங்கியது. ஆனால் 24 மணி நேரம் கழித்தும் செல்கள் பிளேட்டைவிட்டுக் கழலவில்லை. அளவைக் கூட்ட வேண்டுமா? இன்னொன்று, இதன் ஐசி50 (நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) வெறும் 4 நானோமோலார் என்கிறார்கள். அப்படியிருக்க எனக்கு ஏன் 1 மைக்ரோமோலார் தேவைப்படுகிறது? சரக்கு கெட்டுவிட்டதா?
(முனைவர் பட்ட ஆய்வு மாணவி)

ப: அளவைக் கூட்டாதீர்கள். சரக்கும் கெடவில்லை. பாஸ்போ-397 மங்கியதே தடுப்பான் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

எஃப்ஏகேயைத் தடுத்தால் செல் கழன்றுவிடும் என்ற எதிர்பார்ப்புதான் தவறு. எஃப்ஏகே ஒட்டுமிடத்தைக் கட்டும் புரதம் என்பதைவிட, கட்டியதைக் கலைத்து மறுபடி வேறிடத்தில் கட்டவைக்கும் புரதம் என்பதே பொருத்தம். எஃப்ஏகே மரபணுவை நீக்கிய எலியின் செல்களை 1995-ல் ஆராய்ந்தபோது, அவற்றில் ஒட்டுமிடங்கள் குறையவில்லை, கூடியிருந்தன. செல்களின் நகர்வுதான் மந்தமாகியிருந்தது. பிஎஃப்-573228-ஐ 2007-ல் முதலில் விவரித்த ஆய்விலும் இதே போக்குதான். எஃப்ஏகே பாஸ்பேட் ஏற்றத்தை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்த அளவுகளில்கூட செல் வளர்ச்சி நிற்கவில்லை, செல்கள் சாகவில்லை. செல்லின் இடப்பெயர்ச்சியும் ஒட்டுமிடங்களின் கலைதலும்தான் தடைபட்டன. எனவே நீங்கள் அளக்க வேண்டியது கழலலை அல்ல, நகர்வை. கீறல் சோதனையோ துளைச்சவ்வுச் சோதனையோ செய்யுங்கள். அல்லது பாக்சிலினுக்குச் சாயமேற்றி ஒட்டுமிடங்களின் அளவையும், அவை எவ்வளவு நேரம் நிலைக்கின்றன என்பதையும் பாருங்கள். 10 மைக்ரோமோலாருக்கு ஏற்றினால் செல்கள் ஒருவேளை கழலும். ஆனால் அந்த அளவில் வேறு கைனேஸ்களும் அடிவாங்கும் வாய்ப்பு அதிகம். அப்போது கிடைக்கும் முடிவுக்கு எஃப்ஏகேயைக் காரணம் காட்ட உங்களால் முடியாது.

இனி 4 நானோமோலார் கணக்கு. அது தூய்மையாக்கிய நொதியில், குறைந்த ஏடிபியோடு எடுத்த எண். ஏடிபியோடு போட்டியிடும் தடுப்பானுக்கு, ஐசி50 = கேஐ × (1 + ஏடிபி செறிவு ÷ கேஎம்) என்பது விதி. கேஐ என்பது தடுப்பான் நொதியைப் பிடிக்கும் வலுவின் அளவு, கேஎம் என்பது நொதி பாதி வேகத்தில் இயங்கத் தேவையான ஏடிபி செறிவு. உதாரணத்துக்கு ஒரு கைனேஸின் கேஎம் 50 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். சோதனைக் குழாயில் ஏடிபி 10 மைக்ரோமோலார் என்றால் பெருக்கும் எண் 1.2. உயிருள்ள செல்லில் ஏடிபி மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. 2 மில்லிமோலார் என்று எடுத்தால் அதே எண் 41 ஆகிறது. அதாவது ஏடிபி ஒன்றினாலேயே 30 மடங்குக்கு மேல் தள்ளிப்போகிறது. இதோடு சவ்வைக் கடப்பது, சீரத்தின் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்வது ஆகிய இழப்புகளும் உண்டு. பிஎஃப்-573228-க்குச் செல்லுக்குள் 397-ஐப் பாதியாகக் குறைக்கத் தேவையான அளவு 30 முதல் 100 நானோமோலார் வரை என்று பதிவாகியிருக்கிறது. முழுத் தடைக்கு அதன் பத்து மடங்கு என்றால் நீங்கள் நிற்கும் 1 மைக்ரோமோலார் வந்துவிடுகிறது.

பட்டை உண்மையிலேயே மங்கியதா என்பதற்கும் சில முன்னெச்சரிக்கைகள் உண்டு. செல்களைக் கழற்றி மிதக்கவிட்டாலே 397-இன் பாஸ்பேட் வெகுவாக இறங்கிவிடும். ஆகவே தடுப்பான் சேர்த்த கிணறுகளில் செல்கள் குறைவாக ஒட்டியிருந்தால், அதுவே பட்டையை மங்கச்செய்யும். மொத்த எஃப்ஏகே பட்டையை, சுமார் 125 கிலோடால்டன் இடத்தில், கட்டாயம் பக்கத்தில் காட்டுங்கள். செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலாரும் சோடியம் புளோரைடு 10 மில்லிமோலாரும் இருக்கட்டும். வனடேட்டை பிஎச் 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்துச் செயல்படுத்திய பிறகே சேர்க்க வேண்டும். அதே கரைசலில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏயோ, ஒடுக்கியான டிடிடியோ இருந்தால் வனடேட்டின் வலு போய்விடும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாஸ்பேட்டைக் கழற்றும் டைரோசின் பாஸ்பேட்டேஸ்கள் தடையின்றி வேலை செய்ய, ‘தடுப்பான் பிரமாதமாக வேலை செய்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். பிளாட்டை மறைக்கப் பாலுக்குப் பதில் 5 விழுக்காடு பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) பயன்படுத்துங்கள். பாலிலுள்ள கேசீன் பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கருத்துவிடும்.

இன்னொரு பயனுள்ள அடையாளம்: எஃப்ஏகே தடுப்பான் முதலில் 397-ஐக் குறைக்கும். சார்க் தடுப்பான் 576, 577, 861 ஆகிய இடங்களை அதிகம் குறைக்கும், 397-ஐ அவ்வளவாகத் தொடாது. இந்த இடங்களை ஒரே பிளாட் வரிசையில் பார்த்தால், எந்தக் கைனேஸைத் தொட்டிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கே: ஸ்டாக் கரைசல் தயாரிக்கும் சரியான முறையைச் சொல்லுங்கள். மீடியத்தில் ஊற்றியதும் வெள்ளையாகத் திரிந்துவிடுகிறது.
(ஆய்வக உதவியாளர்)

ப: திரிவதற்குப் பெரும்பாலும் காரணம், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் உள்ள அடர்த்தியான ஸ்டாக் கரைசலைச் செல்களின் மேல் நேராகச் சொட்டவிடுவதுதான். சொட்டு விழும் இடத்தில் ஒரு கணம் செறிவு பல நூறு மைக்ரோமோலாராகிறது. நீரில் கரையாத சேர்மம் அங்கேயே படிந்துவிடும். படிந்தது மறுபடி கரைவது அரிது. 37 டிகிரிக்குச் சூடான மீடியத்தைத் தனிக் குழாயில் எடுத்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே ஸ்டாக்கைச் சேர்த்து, வேண்டியதைப்போல் இருமடங்கு செறிவில் தயாரியுங்கள். பிறகு கிணற்றில் இருக்கும் மீடியத்துக்குச் சம அளவில் ஊற்றுங்கள்.

எடைக் கணக்கு: பிஎஃப்-573228-இன் மூலக்கூறு எடை 491.5. 1 மில்லிகிராமை 203 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார். இதை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்தால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காடு. 1 மைக்ரோமோலார் வேண்டுமானால் ஸ்டாக்கையே முதலில் டிஎம்எஸ்ஓவில் பத்து மடங்கு நீர்க்கச்செய்து, அதிலிருந்து மறுபடி ஆயிரத்தில் ஒரு பங்கு எடுங்கள். இப்படிச் செய்தால்தான் எல்லாக் கிணறுகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே 0.1 விழுக்காடாக இருக்கும். கட்டுப்பாட்டுக் கிணற்றிலும் அதே 0.1 விழுக்காடு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும், வெறும் மீடியம் போதாது.

உப்பு வடிவத்தைக் கவனிக்காமல் ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. ஒய்-27632 பெரும்பாலும் டைஹைட்ரோகுளோரைடு உப்பாக வருகிறது, எடை 320.3. உப்பில்லாத மூலத்தின் எடை 247.3. புட்டியில் உப்பு இருக்க, கணக்கில் 247.3 போட்டால் 10 மில்லிமோலார் என்று எழுதிய குழாயில் 7.7 மில்லிமோலார்தான் இருக்கும். சரியான கணக்கில் 1 மில்லிகிராமுக்கு 312 மைக்ரோலிட்டர். இந்த உப்பு தண்ணீரிலேயே கரையும், டிஎம்எஸ்ஓ தேவையில்லை.

டிஎம்எஸ்ஓ காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏற சேர்மம் படியத் தொடங்கும். ஒருமுறைக்குத் தேவையான 10, 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20 அல்லது மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். வெளியே எடுத்த குழாய் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு மூடியைத் திறவுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த உட்சுவரில் நீர் பூத்துவிடும். உருகிய கரைசலின் அடியில் துகள் தெரிந்தால் 37 டிகிரியில் வைத்துக் கலக்கிப் பாருங்கள். தெளியவில்லை என்றால் அந்தக் குழாயை நம்ப வேண்டாம்.

கே: ஃபைப்ரோநெக்டின் பூசிய பிளேட்டில் ஆர்ஜிடி பெப்டைடைச் சேர்த்தும் செல்கள் ஒட்டிவிடுகின்றன. பெப்டைடு நிறுவனத்தை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.
(முதுகலை மாணவர்)

ப: பெப்டைடைச் சந்தேகிப்பதற்கு முன் சோதனையைப் படிப்படியாகப் பார்ப்போம். இந்தச் சோதனை பார்க்க எளிது, கோளாறுகளுக்கு மட்டும் குறைவில்லை.

செல்களைக் கழற்றுவதிலிருந்தே தொடங்குங்கள். ட்ரிப்சினை நீண்ட நேரம் வைத்தால் செல்லின் மேற்பரப்புப் புரதங்களையே அது வெட்டிவிடும். 2 முதல் 5 மில்லிமோலார் ஈடிடிஏ கொண்ட பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள். ட்ரிப்சின் தவிர்க்க முடியாது என்றால் சோயா ட்ரிப்சின் தடுப்பானால் நிறுத்துங்கள். சீரத்தால் நிறுத்தக் கூடாது, ஏனென்றால் சீரத்திலேயே ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் இருக்கின்றன. பிறகு கால்சியமும் மெக்னீசியமும் உள்ள, சீரம் இல்லாத மீடியத்தில் செல்களை நன்றாகக் கழுவுங்கள். இன்டெக்ரினுக்கு இந்த அயனிகள் இல்லாமல் பிடிப்பு இல்லை. ஈடிடிஏ மிச்சமிருந்தால் எதுவுமே ஒட்டாது, அதைப் பெப்டைடின் வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது.

பூச்சு: 96 கிணற்றுப் பிளேட்டில் ஃபைப்ரோநெக்டின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், கிணற்றுக்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். வெறும் பிளாஸ்டிக் மிச்சமிருக்கும் இடங்களில் செல் தானாக ஒட்டாமலிருக்க 1 விழுக்காடு பிஎஸ்ஏயால் மறையுங்கள். பிஎஸ்ஏயை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி ஆறவைத்துப் பயன்படுத்தினால் மறைப்பு நன்றாக இருக்கும். பிஎஸ்ஏ மட்டும் பூசிய கிணற்றில் ஒட்டும் செல்கள் ஃபைப்ரோநெக்டின் கிணற்றின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உங்கள் மறைப்பு சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் பூச்சின் அடர்த்தியில் இருக்கும். ஆர்ஜிடி போட்டித் தடுப்பான். பிளேட்டில் ஃபைப்ரோநெக்டின் நெருக்கமாகப் படிந்திருந்தால், ஒவ்வொரு செல்லும் பல்லாயிரம் இன்டெக்ரின்களால் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. மிதக்கும் சின்னப் பெப்டைடு அதை வெல்வது கடினம். மில்லிலிட்டருக்கு 0.3 முதல் 20 மைக்ரோகிராம் வரை வரிசையாகப் பூசி, உச்ச ஒட்டுதலில் பாதி கிடைக்கும் அளவைக் கண்டுபிடியுங்கள். அந்த அளவில்தான் தடுப்பானைச் சோதிக்க வேண்டும். இந்த ஒரு மாற்றமே பலருக்குப் போதுமாக இருக்கும்.

நேரான ஜிஆர்ஜிடிஎஸ்பி பெப்டைடுக்கு 0.1 முதல் 1 மில்லிமோலார் வரை தேவைப்படும். 10 மைக்ரோமோலாரில் எதுவும் நடக்காதது இயல்பு. ஒப்பீட்டுக்கு டி எழுத்துக்குப் பதில் ஈ எழுத்து கொண்ட ஜிஆர்ஜிஈஎஸ்பி பெப்டைடை அதே அளவில் வைக்க வேண்டும். ஆஸ்பார்டிக் அமிலம் குளூட்டாமிக் அமிலமாக மாறியதும் பிடிப்பு போய்விடுவதால் இதுதான் நேர்மையான கட்டுப்பாடு. பெப்டைடுகள் டிரைபுளோரோஅசிட்டேட் உப்பாக வருபவை என்பதால், 1 மில்லிமோலாரில் மீடியத்தின் பிஎச் இறங்கிவிடக்கூடும். மீடியம் மஞ்சளாகிறதா என்று பாருங்கள், ஆகிவிட்டால் முதலில் பிஎச்சைச் சரிசெய்யுங்கள்.

செல்களைப் பெப்டைடோடு மிதக்கும் நிலையிலேயே 15 முதல் 30 நிமிடம் வைத்துவிட்டு, கிணற்றுக்கு 30,000 முதல் 50,000 வரை ஊற்றி, 20 முதல் 30 நிமிடம் மட்டும் ஒட்டவிடுங்கள். இரண்டு மணி நேரம் விட்டால் செல்கள் தாமே ஃபைப்ரோநெக்டினைச் சுரந்து, தமக்கு வேண்டிய தளத்தைப் போட்டுக்கொள்ளும். கழுவும் பிபிஎஸ்ஸில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்க வேண்டும். அவை இல்லாத சாதாரண பிபிஎஸ்ஸால் மூன்று முறை கழுவினால் நன்றாக ஒட்டிய செல்லும் கழன்றுவிடும். 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைநிறுத்தி, 0.1 விழுக்காடு கிரிஸ்டல் வயலெட்டில் சாயமேற்றி, 10 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் சாயத்தைக் கரைத்து 590 நானோமீட்டரில் அளந்துவிடலாம்.

பாலிலைசின் பூசிய கிணறுகளையும் வையுங்கள். அங்கே ஒட்டுதல் மின்னூட்டத்தால் நடப்பது, இன்டெக்ரினுக்கு வேலையில்லை. உங்கள் சேர்மம் அங்கும் ஒட்டுதலைக் குறைத்தால் அது செல்லுக்கு நஞ்சாக இருக்கக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டினால், உங்கள் செல் எந்த இன்டெக்ரினால் பிடிக்கிறது என்று பாருங்கள். ஆல்ஃபா4பீட்டா1 ஃபைப்ரோநெக்டினில் ஆர்ஜிடி அல்லாத வேறொரு இடத்தைப் பிடிக்கிறது. ரத்த வெள்ளையணுக்களில் இது சாதாரணம். கொலாஜனையும் லாமினினையும் பிடிக்கும் இன்டெக்ரின்களும் ஆர்ஜிடியை நாடுவதில்லை. அவற்றுக்கு அந்தந்த இன்டெக்ரினைத் தடுக்கும் எதிர்ப்புரதமே (ஆன்டிபாடி) வழி.

கே: சார்க் தடுப்பான் பிபி2, அதன் செயலற்ற துணை பிபி3. இரண்டையும் 10 மைக்ரோமோலாரில் வைத்தால் ஆய்விதழ் மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொள்வார்களா?

ப: முன்பு ஏற்றுக்கொண்டார்கள். இப்போது கேள்வி கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. பிபி2 சார்க் குடும்பத்தை மட்டுமல்ல, சிஎஸ்கே, ஆர்ஐபிகே2, கேசின் கைனேஸ் 1 டெல்டா ஆகியவற்றையும் தடுக்கிறது. சிஎஸ்கே என்பது சார்க்கையே அடக்கிவைக்கும் கைனேஸ் என்பதால் முடிவு இன்னும் சிக்கலாகிறது. பிபி3-ஓ மைக்ரோமோலார் அளவில் இஜிஎஃப் ஏற்பியின் கைனேஸைத் தடுக்கிறது. செயலற்றது என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

சராகாட்டினிப்பையும் டசாட்டினிப்பையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு வேதி அமைப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால் நம்பிக்கை கூடும், ஏனென்றால் அவற்றின் பக்க இலக்குகள் பெரும்பாலும் வெவ்வேறானவை. ஏபிஎல் போன்ற சில கைனேஸ்கள் இரண்டுக்கும் பொதுவாக வரலாம் என்பதை மறக்காதீர்கள். உறுதியான சான்று வேண்டுமானால், ஏடிபி குழியின் வாயிலிலுள்ள த்ரியோனினை, 338-ஆவது இடத்தில், ஐசோலியூசினாக மாற்றிய சார்க்கைச் செல்லில் வையுங்கள். டசாட்டினிப் அதில் உட்கார முடியாது. அந்தச் செல்லில் விளைவு மறைந்தால், விளைவு சார்க் வழியாகத்தான் வந்தது.

கே: மனிதக் குருத்தணு வளர்ப்பில் ராக் தடுப்பான் ஒய்-27632 ஏன் சேர்க்கப்படுகிறது? எவ்வளவு நேரம் வைக்கலாம்? அதற்குப் பதில் பிளெபிஸ்டாட்டின் போதுமா?
(குருத்தணு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்)

ப: மனிதக் கருக் குருத்தணுக்கள் ஒன்றையொன்று ஈ-கேடெரின் என்ற ஒட்டுப் புரதம் வழியாகப் பிடித்துக்கொண்டு வாழ்பவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்ததும் ராக் கட்டுமீறிச் செயல்பட்டு, மயோசின் ஆக்டினை இறுக்குகிறது. செல் மேற்பரப்பு குமிழ்குமிழாகப் பொங்கி, பெரும்பாலானவை மடிகின்றன. 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 10 மைக்ரோமோலார் ஒய்-27632 சேர்த்தபோது, தனிச் செல்லிலிருந்து கூட்டம் உருவாகும் வீதம் ஏறத்தாழ 1 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காடாக உயர்ந்தது. இன்றும் எல்லோரும் பயன்படுத்தும் அளவு அந்த 10 மைக்ரோமோலார்தான். பிரித்த பின் அல்லது உறைநிலையிலிருந்து எடுத்த பின் 24 மணி நேரம் வைத்துவிட்டு மீடியத்தை மாற்றிவிடுங்கள். தொடர்ந்து வைத்தால் செல்கள் நீண்டு பரந்து, கூட்டத்தின் ஓரங்கள் சிதறி, வழக்கமான இறுக்கமான வடிவம் போய்விடும். வேறுபடுத்தும் சோதனையைத் தொடங்கப்போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பிளெபிஸ்டாட்டின் மயோசினையே நேராகத் தடுக்கிறது, அதுவும் இந்தச் செல்களைக் காப்பாற்றுகிறது. சாவுக்குக் காரணம் மயோசினின் இறுக்கம்தான் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அன்றாட வளர்ப்புக்கு அது வசதியானதல்ல. நீல ஒளி பட்டால் சிதைந்து செயலிழக்கிறது, சிதையும்போது செல்லுக்கு நஞ்சாகவும் மாறுகிறது. பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தைப் பார்க்கும் அதே 488 நானோமீட்டர் ஒளியே இதற்குப் போதும். நுண்ணோக்கியில் உயிருள்ள செல்லைப் படமெடுப்பவர்கள் ஒளி தாங்கும் பாரா-நைட்ரோ அல்லது பாரா-அமினோ வகையை எடுத்துக்கொள்வதே நல்லது. பிளெபிஸ்டாட்டினில் இடஞ்சுழி, வலஞ்சுழி என்று இரு வடிவங்கள் உண்டு. மைனஸ் குறியிட்டது செயல்படும், பிளஸ் குறியிட்டது செயல்படாது. பிளஸ் வடிவமே உங்களுக்கு மிகச் சிறந்த கட்டுப்பாடு. இரண்டும் கலந்த புட்டியை வாங்கியிருந்தால் செயல்படும் பங்கு பாதிதான் என்பதை அளவில் கணக்கிடுங்கள்.

கே: ஈ-கேடெரினைத் தடுக்க நல்ல சிறு மூலக்கூறு உண்டா?

ப: ஆய்வில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை. கேடெரின்கள் ஒன்றையொன்று பிடிக்கும் பரப்பைச் சிறு மூலக்கூறால் அடைப்பது கடினம். ஏடிஎச்-1 என்ற வளையப் பெப்டைடு என்-கேடெரினைக் குறிவைத்து உருவானது, அதன் வலு குறைவு. கால்சியத்தை நீக்கினால் கேடெரின் பிடிப்பு விடும், ஆகவே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ வைத்துப் பிரித்து, கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி இணைவதைப் பார்ப்பது பழைய, நல்ல முறை. செல்களைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கால்சியம் இருக்கும்போது ட்ரிப்சின் கேடெரினை வெட்டுவதில்லை. ஈடிடிஏயோடு சேர்ந்த ட்ரிப்சின் வெட்டிவிடும்.

கே: இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் இன்டெக்ரின் மருந்துகள் ஏன் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன? புற்றுநோய்க்கு வந்துவிடும் என்றார்களே?
(மருத்துவத் துறை சாராத வாசகர்)

ப: இன்டெக்ரின் மூடிய நிலை, திறந்த நிலை என்று இரண்டுக்கும் இடையே மாறும் புரதம். திறந்தால்தான் பலமாகப் பிடிக்கும். பிடிக்கும் இடத்தை அடைக்கும் பல சேர்மங்கள் இயற்கையான பிணைப்பைப் போலவே வடிவமைக்கப்பட்டதால், உட்காரும்போதே இன்டெக்ரினைத் திறந்துவிடுகின்றன. மருந்து நிறைய இருக்கும்வரை இடம் அடைபட்டிருக்கும். அளவு இறங்கும்போது, திறந்து நிற்கும் இன்டெக்ரின் முன்னைவிட ஆவலாகப் பிடிக்கும்.

ரத்தத் தட்டணுக்களின் இன்டெக்ரினைத் தடுக்கும் டைரோஃபைபன், எப்டிஃபைபடைடு இரண்டும் 1998-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எப்டிஃபைபடைடு ஒருவகைச் சலங்கைப் பாம்பின் நஞ்சிலிருந்த புரதத்தைப் பார்த்து உருவாக்கியது. இவை மருத்துவமனையில் சிரை வழியே தொடர்ந்து செலுத்தப்படுவதால் ரத்தத்தில் அளவு இறங்க இடமில்லை. இதே குறிக்கோளோடு மாத்திரையாக வந்த ஆர்போஃபைபன், செமிலோஃபைபன், சிப்ராஃபைபன், லோட்ராஃபைபன் ஆகியவை பெரிய சோதனைகளில் தோற்றன. இறப்பு குறைவதற்குப் பதில் கூடியது. ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் அளவு ஏறி இறங்கியதும், இன்டெக்ரினைத் திறந்துவிடும் அந்தக் குணமும் சேர்ந்ததை முக்கியக் காரணமாகக் கருதுகிறார்கள்.

புற்றுநோயில் சைலென்ஜிடைடின் நிலையும் அதுதான். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டிக்கு 545 நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2014-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வாழ்நாள் இடைநிலை ஒன்றேதான், 26.3 மாதம். இந்த வகைச் சேர்மங்கள் நானோமோலார் போன்ற மிகக் குறைந்த செறிவில் கட்டியின் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டவும்கூடும் என்பதை எலிகளில் செய்த ஆய்வு 2009-லேயே காட்டியிருந்தது. உடலில் சில மணி நேரமே நிலைக்கும் மருந்தை வாரம் இருமுறை மட்டும் கொடுத்தால், இடைப்பட்ட நாட்களில் செறிவு அந்தத் தாழ்ந்த எல்லைக்கு இறங்கத்தான் செய்யும். அந்த எச்சரிக்கைக்கு மருந்து கொடுக்கும் முறையை வகுக்கும்போதே இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நம்பிக்கை தரும் செய்திகளும் இருக்கின்றன. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, இன்டெக்ரினின் உலோக அயனிக்கு அருகே ஒரு நீர் மூலக்கூறு மூடிய நிலையைக் கட்டிவைத்திருப்பதையும், அந்த நீரை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும் சேர்மங்கள் இன்டெக்ரினைத் திறப்பதில்லை என்பதையும் காட்டியது. இனி வரும் மாத்திரைகளுக்கு இது வழிகாட்டும். வறண்ட கண்ணுக்கான லிஃபிடெக்ராஸ்ட் 5 விழுக்காடு சொட்டுமருந்து 2016 முதல் இருக்கிறது. கண்ணிலேயே விடுவதால் உடல் முழுவதும் பரவும் கவலை குறைவு. உடல் முழுவதும் தடுத்தால் என்ன நேரும் என்பதற்கு நடாலிசுமாப் சாட்சி. அது எதிர்ப்புரத மருந்து. 2004-ல் வந்து, அரிதான ஆனால் கொடிய மூளைத்தொற்று தெரிந்ததும் 2005-ல் நிறுத்தப்பட்டு, கடும் கண்காணிப்போடு 2006-ல் திரும்பியது. எஃப்ஏகே தடுப்பானான டிஃபாக்டினிப், அவுட்டோமெட்டினிப் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, கேராஸ் என்ற மரபணுவில் மாற்றமுள்ள, திரும்ப வரும் ஒருவகைச் சினைப்பைப் புற்றுநோய்க்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தனியாகக் கொடுத்தபோது பெரிதாகச் சாதிக்காத எஃப்ஏகே தடுப்பான்களுக்குக் கூட்டணியில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

கே: கணினியில் பொருத்திப் பார்த்ததில் குவெர்செட்டின் எஃப்ஏகேயின் குழியில் அழகாக உட்காருகிறது. நொதிச் சோதனையிலும் 15 மைக்ரோமோலாரில் தடுக்கிறது. இதைப் புதிய தடுப்பான் என்று எழுதலாமா?
(இளநிலை ஆய்வாளர்)

ப: இப்போதைக்கு எழுத வேண்டாம். கணினிப் பொருத்தம் ஒரு ஊகம், சான்று அல்ல. குவெர்செட்டின், குர்குமின் போன்ற தாவரச் சேர்மங்கள் மைக்ரோமோலார் அளவில் நீரில் கூழ்மத் திரள்களாகச் சேர்ந்து, அருகிலிருக்கும் எந்த நொதியையும் தம்மேல் ஒட்டவைத்து முடக்கிவிடும். அது எஃப்ஏகேக்கு மட்டும் உரிய தடை அல்ல.

சோதிக்க எளிய வழி உண்டு. அதே நொதிச் சோதனையை 0.01 விழுக்காடு டிரைட்டன் எக்ஸ்-100 சேர்த்துச் செய்யுங்கள். திரள் கலைந்து தடை மறைந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. நொதியின் செறிவைப் பத்து மடங்கு கூட்டியதும் ஐசி50 வெகுவாக ஏறினாலும் திரள்தான் காரணம். டிரைட்டனிலும் தடை நிலைத்தால், எஃப்ஏகேயோடு தொடர்பே இல்லாத ஒரு நொதியைத் தடுக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு செல்லில் 397 இறங்குகிறதா என்பதற்கு வரலாம். செல்லில் பயன்படுத்தத்தக்க ஆய்வுச் சேர்மத்துக்குப் பொதுவாக எதிர்பார்க்கும் அளவுகோல் இது: தூய நொதியில் 100 நானோமோலாருக்குக் கீழே வலு, நெருங்கிய கைனேஸ்களைவிட 30 மடங்கு தெரிவுத்திறன், செல்லில் 1 மைக்ரோமோலாரை ஒட்டிய அளவிலேயே விளைவு. 15 மைக்ரோமோலாரில் நிற்கும் சேர்மம் அதிலிருந்து நூறு மடங்குக்கு மேல் தள்ளியிருக்கிறது. டிரைட்டன் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், அடுத்த கட்டத்தைப் பார்ப்போம்.